ஒரு ஓரம் கருகணும்

"எலுமிச்சை கேக்குக்கு நடுவுல ஒரு குழி விழணும். காபி கேக் ஒரு ஓரம் கருகணும். ஆரஞ்சு கேக் லேசா ஒரு பக்கமா சாயணும். முடியுமாம்மா?"

கடைக்காரம்மாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. கேக்கில் குழி விழாமல் இருக்க என்ன வழி என்று கேட்டு வந்தவர்கள் உண்டு. குழி விழுந்தே ஆக வேண்டும் என்று வந்த முதல் மகானுபாவர் இவர்தான்.

"காலங்காத்தால கிண்டல் பண்றீங்களா சார்?"

"சத்தியமா இல்லம்மா." பெரியவர் பையிலிருந்து டின்களை எடுத்து வைத்தார். பென்சில் டப்பா போல ஒடுக்கமாக, நீளமாக இருந்தன. போனை நீட்டி போட்டோவும் காட்டினார். "பார்க்க அச்சு அசல் இப்படியே இருக்கணும். ருசி மட்டும் உங்க கடை ருசி. சாயங்காலத்துக்குள்ள வேணும். கடை பேர் போட்ட ஸ்டிக்கர் மட்டும் வேண்டவே வேண்டாம்."

அவர் தலை மறைந்ததும் கல்லாவில் இருந்த நாத்தனார் ஓடி வந்தாள்.

"புரியலையா அண்ணி? தானே சுட்டேன்னு யார்கிட்டயோ பீத்திக்கப் போறாரு. கேக் ஒழுங்கா இருந்தா எவன் நம்புவான்? அதான் குழி, கருகல் எல்லாம்!"

"அடப்பாவி மனுஷா! அடுப்புல வேகறது நான், பேர் வாங்கறது அவரா?"

"ஆளைப் பார்த்தா இந்தப் பூனையும் பால் குடிக்குமான்னுதான் இருக்கு!"

திட்டிக்கொண்டேதான் மாவைக் கலக்கினாள் கடைக்காரம்மா. ஆரஞ்சு டின்னுக்கு அடியில் ஒரு கரண்டியைக் கொடுத்துச் சாய்த்தாள். காபி டின்னைச் சூடு அதிகமான மூலைக்குத் தள்ளினாள். எலுமிச்சைதான் உயிரை வாங்கியது. வெந்துகொண்டிருக்கும்போதே அடுப்புக் கதவைத் திறந்து திறந்து மூடினாலும் குழி விழுவேனா என்றது.

"சனியன், இன்னைக்குன்னு பார்த்து எப்படி உப்பிக்கிட்டு நிக்குது பாரு!"

கடைசியில் கரண்டியால் ஒரு அமுக்கு அமுக்கினாள். சாயங்காலம் வந்த பெரியவர் அந்தக் குழியைப் பார்த்துப் பூரித்துப்போனார். "ஆஹா, என்ன குழி! கை நல்ல கைம்மா!" என்றபடி அவசர அவசரமாக அள்ளிக்கொண்டு போனவர், ஆரஞ்சு கேக்கை மறந்துவிட்டார்.

"நானே கொண்டுபோய்க் குடுக்கறேன். யார்கிட்ட பீத்திக்கறாருன்னு பார்த்துட்டு வர்றேன்" என்று கிளம்பினாள் கடைக்காரம்மா. வீடு அடுத்த தெருதான்.

சமையலறைக் கதவு திறந்திருந்தது. மேடையில் அவள் சுட்ட எலுமிச்சை கேக். அதற்குப் பக்கத்தில் இன்னொரு எலுமிச்சை கேக், அதே இடத்தில் அதே குழியோடு. காபிக்கும் ஒரு ஜோடி இருந்தது. சாய்ந்த ஆரஞ்சு ஒன்று தன் ஜோடிக்காகக் காத்திருந்தது.

"இதெல்லாம் யார் சுட்டது சார்?"

"உஷ்! என் சம்சாரம். உள்ள தலை சீவிக்கிட்டிருக்கா." பெரியவர் ஒரு துண்டை உடைத்துக் கொடுத்தார். "தின்னு பாரும்மா."

வாயில் போட்டவள் குழாயடிக்கு ஓடினாள். வெறும் உப்பு!

"ஒரு காய்ச்சல் வந்துச்சும்மா. அதுல இருந்து அவளுக்கு ருசியும் தெரியல, வாசனையும் தெரியல. தினமும் சமையலை அவளுக்குத் தெரியாம நான்தான் சரி பண்றேன். கேக்கை எப்படிச் சரி பண்றது? கைமணத்துக்குப் பேர் போனவம்மா அவ. இன்னைக்குப் பார்த்து அவளோட பழைய ஆபீஸ் சிநேகிதிங்க வர்றாங்க. இதைத் தின்னுட்டு அவங்க மூஞ்சி சுளிச்சா, அவ உடைஞ்சு போயிடுவா. அதான் மாத்திடறேன்."

கடைக்காரம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. இந்த மனுஷரைப் போய் என்னவெல்லாம் பேசிவிட்டோம்!

"பேர் அவங்களுக்கே இருக்கட்டும் சார்" என்றாள்.

பெரியவர் உப்பு கேக்குகளை ஒரு பாத்திரத்தில் போட்டு மூடிக்கொண்டு, கொல்லைப்பக்கம் குப்பைத்தொட்டியை நோக்கி ஓடினார்.

அவர் அந்தப் பக்கம் போக, இந்தப் பக்கம் அவர் மனைவி உள்ளே வந்தார். கடைக்காரம்மா கையிலிருந்த ஆரஞ்சு கேக்கைச் சட்டென்று முதுகுக்குப் பின்னால் மறைத்தாள். அந்த அம்மாள் ஒன்றும் கேட்கவில்லை. புது எலுமிச்சை கேக்கின் அடியில் ஒரு துணுக்கைக் கிள்ளி வாயில் போட்டுக் கண்ணை மூடினார்.

"நல்லாத்தான் இருக்கு. எலுமிச்சைத் தோல் இன்னும் கொஞ்சம் துருவிப் போட்டிருக்கலாம். சர்க்கரை ஒரு கரண்டி கூடிப்போச்சு."

"அம்மா! உங்களுக்கு ருசி..."

"மெதுவா பேசும்மா, அவர் காதுல விழப்போகுது. அது எப்பவோ திரும்பி வந்துடுச்சு. உப்பைத் தெரிஞ்சேதான் போட்டேன்."

"பின்னே எதுக்கும்மா அந்த மனுஷரை இப்படி அலைய விடறீங்க?"

அந்த அம்மாள் ஜன்னல் வழியாகப் பார்த்தார். பெரியவர் திருடன் மாதிரி இப்படியும் அப்படியும் பார்த்தபடி தொட்டியை மூடிக்கொண்டிருந்தார். முகத்தில் அப்படி ஒரு களை.

"வேலையை விட்டு வந்ததுல இருந்து, இனிமே நான் யாருக்குப் பிரயோஜனம்னு நாற்காலியே கதின்னு கிடந்தவர்மா. எனக்கு ருசி போனப்புறம்தான் எழுந்து நடமாடினார். வந்துடுச்சுன்னு சொன்னா, மறுபடியும் போய் உட்கார்ந்துடுவாரே!"