கொடுவாவுக்குத் தண்ணீர்

ஓடம் சேற்றில் உட்கார்ந்துவிட்டது.

டாலாக் கரையில் ஆற்றிலிருந்து பிரியும் சிற்றோடை அது. கடல் வற்றம் இறங்கினால் ஓடையின் வயிறு ஒட்டிப்போகும். இறங்கி நடக்கலாம் என்றால் சேறு இடுப்பு வரை இழுத்துக்கொள்ளும். மறுபடி கடலேற்றம் வந்து தூக்கிவிடும் வரை நானும் செல்லக்கண்ணுவும் மரத்தைக் குடைந்த அந்தக் குறுகல் ஓடத்திலேயே முட்டியோடு முட்டி இடிக்கக் கிடக்க வேண்டியதுதான். எதிர்க்கரையில் ரங்கூன் துறைமுகத்துக் கப்பல்கள் எல்லாம் தெரிந்தன. கூப்பிட்டால் எவனுக்கும் கேட்காது.

எங்களோடு ஒரு கொடுவா மீனும் கிடந்தது. என் கை நீளம் இருக்கும். உயிரோடு.

வேறு சமயமாக இருந்தால் நான் கவலையே பட்டிருக்க மாட்டேன். மண்டையில் ஒரு போடு, செவுளுக்கு அடியில் ஒரு கீறு. ரத்தம் வடிந்ததும் குடலை எடுத்துவிட்டு, நனைத்த கோணிச்சாக்கில் சுருட்டி நிழலில் வைத்தால் போதும். சாயங்காலம் வரை சதை குலையாது. கரை சேர்ந்ததும் ஐஸில் போட்டுக்கொள்ளலாம்.

ஆனால் செல்லக்கண்ணுவின் பெண்டாட்டி பவுனம்மாளுக்கு ஏழு மாதம்.

மனைவி மாசமாக இருக்கும்போது புருஷன் எந்த உயிரையும் கொல்லக்கூடாது என்பது அவர்கள் வழக்கம். கொன்றால் வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாது. முன்னால் இரண்டு தங்காமல் போனதில் மிரண்டவன், இந்த முறை கொசுவைக்கூட அடிப்பதில்லை. ஊதித்தான் விரட்டுகிறான்.

மீன் பிடிக்கிறவன் இப்படி இருந்தால் எப்படிப் பிழைப்பது? அதற்கும் ஒரு வழி வைத்திருந்தான். மீனின் கீழ்த்தாடையில் கயிற்றைக் கோத்து, ஓடத்தோடு சேர்த்து நீரிலேயே நீந்தவிட்டு, க்யிம்யிண்டைங் படித்துறை வரை உயிரோடு கூட்டிக்கொண்டு போவான். அங்கே மா ஞுன் என்கிற பர்மாக்காரி கத்தியோடு உட்கார்ந்திருப்பாள். பாவம் அவளுக்கு, பிள்ளை இவனுக்கு. இதைச் சொல்லி நான் அவனைக் கேலி செய்யாத நாள் கிடையாது.

இன்று நீந்தவிட நீர் இல்லை.

விட்டுவிடலாம் என்றால் விடுவதற்கும் நீர் வேண்டுமே. ஓடையில் கணுக்கால் நனையக்கூட இல்லை. தலைக்கு மேல் பருந்துகள் சுற்ற ஆரம்பித்துவிட்டன.

ஓடத்துக்குள் வரும் நீரை வெளியே இறைப்பதுதான் உலக வழக்கம். நாங்கள் வெளியே கசிந்துகொண்டிருந்ததைத் தகர டப்பாவில் வழித்து வழித்து உள்ளே ஊற்றினோம். பாதி சேறு. மீதியை வெயில் காய்ச்சிக்கொண்டிருந்தது.

"தண்ணி எறங்குறதை எப்பவும் நீங்கதான் மொதல்ல சொல்லுவீங்க. இன்னிக்கு எங்க பாய் கவனம்?" என்றான்.

நான் அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

அவன் தலைத்துண்டை நனைத்து மீனின் மேல் போர்த்தினான். தன் நிழல் அதன் மேல் விழும்படி வெயிலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டான்.

"ஏத்தம் வரட்டும். விக்கவே வேணாம், விட்டுடுவோம்."

யாரிடம் சொன்னான் என்று தெரியவில்லை. மீனிடம்தான் போலிருக்கிறது.

மீன் வாயை அகலத் திறந்தது. மூட வெகு நேரம் எடுத்துக்கொண்டது.

நான் அவன் கையிலிருந்து டப்பாவைப் பிடுங்கினேன். குப்புறப் படுத்து, கை எட்டிய குழியிலெல்லாம் மொண்டு ஊற்றினேன். தகர விளிம்பு உள்ளங்கையைக் கிழித்தது. அதோடும் ஊற்றினேன். இந்த வயதில் இப்படி ஒரு வெறி எனக்கு வரும் என்று நானே நினைத்ததில்லை.

செல்லக்கண்ணுவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"என்ன பாய், உங்க வீட்லயும் விசேஷமா?"

அழுகையை அடக்கிக்கொண்டு குனிந்தேன். அல்லாவே, இந்த ஒரு மீனை மட்டும் இன்றைக்குப் பிழைக்க வை என்று கேட்டேன். எத்தனை ஆயிரம் மீனைக் கொன்றவன் கேட்கிற துஆ இது என்று அந்த அல்லாவுக்கே சிரிப்பு வந்திருக்கும்.

ஏற்றம் வந்தது. ஓடை வாயில் நுரை தெரிந்தது, பிறகு சேறு நனைந்தது, பிறகு ஓடம் லேசாக அசைந்தது.

செல்லக்கண்ணு கொடுவாவை இரண்டு கைகளாலும் ஏந்தி நீரில் இறக்கினான். செவுளுக்குள் நீர் புக வேண்டுமென்று அதை முன்னும் பின்னும் ஆட்டினான். கையை எடுத்தான். மீன் பக்கவாட்டில் சாய்ந்தது. நிமிர்த்திப் பிடித்தான், ஆட்டினான், மறுபடி கையை எடுத்தான். மறுபடி சாய்ந்தது.

கடைசியில் அது வெள்ளை வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தது.

செல்லக்கண்ணு என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"பாய், இது செத்ததைப் பவுனுகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. பயந்துடுவா."

சரியென்று தலையாட்டினேன்.

எங்கள் இரண்டு வீடும் ஒரே வரிசையில் அடுத்தடுத்து இருப்பவை. இன்று காலையில் அவன் எனக்கு முன்பே ஓடத்துக்குக் கிளம்பிவிட்டிருந்தான். அதற்குப் பிறகுதான் பவுனம்மாளுக்கு வலி கண்டது. உதவிக்கு ஓடிய என் மனைவி மைமூன், ஒரு சின்னத் துணி மூட்டையை நெஞ்சோடு அணைத்தபடி வெளியே வந்தாள். மூட்டையிலிருந்து சத்தமே இல்லை.

கதவுக்குப் பின்னாலிருந்து பவுனம்மாளின் குரல் கேட்டது.

"அண்ணே, ஆத்துல வச்சு அவருகிட்டச் சொல்லிடாதீங்க. வீட்டுக்கு வரட்டும், நானே சொல்லிக்கிறேன்."

அவளுக்கும் தலையாட்டிவிட்டுத்தான் ஓடத்தில் ஏறியிருந்தேன்.

பிள்ளை போனது காலையில். மீன் செத்தது பிற்பகலில். இனி யார் சொன்னாலும் செல்லக்கண்ணு அதை நம்பப்போவதில்லை.