நூல் ஓடும் சத்தம்

காட்சிக்கு வைத்த தூண்டில் ரீலில் நூலைத் தளர்த்தும் பின்விசையைக் கடைக்காரர் தட்டிவிட்டு, மேசை ஆணியில் முடிந்திருக்கும் அதன் நூலை இழுக்கிறார். கிர்ரென்று ஓடுகிறது. "உயிர் இரையைக் கடல்மீன் கவ்வினா நூல் இப்படித்தான் ஓடணும் ஐயா. இதவிடப் பெருசும் இருக்கு" என்று ரீலை மேசைமேல் வைத்துவிட்டு அலமாரிப் பக்கம் திரும்புகிறார். "உங்க வீட்டு ஆளுங்க வந்தா நான் கல்லாவைக்கூடப் பூட்டறதில்ல." என் முதுகு இன்னும் கொஞ்சம் நிமிர்கிறது. "அண்ணே, வெளிய நிக்கிறேன்" என்று என் தம்பி வாசலுக்கு நடக்கிறான். அவன் தோள்பைக்குள் கிர்ரென்கிறது. ஆணியிலிருந்து பைவரை நூல் வெயிலில் மின்னுகிறது. அவன் நிற்கிறான், சத்தமும் நிற்கிறது. கடைக்காரர் திரும்பவே இல்லை. "அதையே பில் போட்டுடட்டுமா ஐயா?" என்று அலமாரியைப் பார்த்தே கேட்கிறார். நான் தலையாட்டுகிறேன். அவர் முதுகுக்கு அது தெரியாது. வாய்விட்டுச் சொல்லியாக வேண்டும்.