கண்குழிக்குப் பின்னால்

அருங்காட்சியகப் பட்டறையில், பாதி கல்லுக்குள் புதைந்த புதைபடிவ மண்டையோட்டின் மேல் விளக்கு குனிந்திருக்கிறது. ஆமை இனம் என்று தம்பி அடித்துச் சொல்லிவிட்டுச் செத்துப்போன மண்டையோடு. இதற்கான கண்ணாடிப் பெட்டியில், 'ஆமை' என்ற பெயர்ப்பலகையில் கண்டறிந்தவனாக அவன் பெயர்தான். ஆமைக்குக் கண்குழிக்குப் பின்னால் துளை கிடையாது. அந்த இடத்துக் கல்லைத்தான் தம்பி மகள் ஊசியால் சுரண்டுகிறாள். அந்த ஓசை, அருகிலிருந்து பார்க்கும் அண்ணனின் பல்லில் கூசுகிறது. முதுகு வளையாமல் நிற்கிறார். ஊசி சட்டென்று உள்ளே இறங்குகிறது.

"ஓட்டை இருக்கு பெரியப்பா."

"ஊசி குத்தினதா இருக்கும்."

"குத்தினா விளிம்பு இவ்வளவு வழவழன்னு இருக்குமா? தொட்டுப் பாருங்க."

சுண்டுவிரலை வைக்கிறார். வழவழப்புத்தான். விளக்கொளியில் கல்தூசு இன்னும் அடங்கவில்லை.

"அப்பா பேரை என்ன பண்றது?"

"நம்ம கையாலயே கழட்டிடுவோம். அடுத்தவன் வந்து கழட்டக் கூடாது" என்கிறார். துளையை மூடிய விரலை மட்டும் எடுக்கவில்லை.