லோசாவின் சபதம்

சர்ச் சமையலறைக்குப் பின்னால், சுவரோரமாக நின்றுகொண்டு லோசா ஓகா தின்றுகொண்டிருந்தாள்.

மெலேவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

இதே லோசாதான், தன் புருஷன் பெனி மாற்று இதயத்தோடு ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியபோது சபை முன்னால் எழுந்து நின்று அழுதாள். புது இதயத்தை அந்நியமென்று உடம்பு தள்ளிவிடக் கூடாதே, அதற்காக எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மாத்திரை அவனுக்கு, ஆயுசு முழுக்க. பச்சை மீனிலுள்ள சின்னக் கிருமிகூட ஆளைச் சாய்த்துவிடும் என்றார் டாக்டர். எலுமிச்சைச் சாற்றில் ஊறி, தேங்காய்ப்பாலில் மிதக்கும் பச்சை மீன்தான் ஓகா. அதென்றால் பெனிக்கு உயிர்.

"அவர் தொடாததை நானும் தொட மாட்டேன்" என்று லோசா சொன்னதும் ஆக்லாந்து சமோவாக்காரர்கள் மத்தியில் அதே பேச்சு. அன்று அவளைக் கட்டிக்கொண்டு அதிகம் அழுதவள் பெனியின் அக்கா மெலேதான்.

விடுவிடுவென்று கூடத்துக்குள் போனாள் மெலே. ஞாயிற்றுக்கிழமை விருந்து அமர்க்களமாக நடந்துகொண்டிருந்தது. பெனி தன் தட்டிலிருந்த கோழியைத் தொடாமல், எதிர் மேசை ஓகாக் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"தம்பி, உன் பொண்டாட்டி பின்னாடி என்ன பண்றா தெரியுமா?"

"தெரியும்க்கா. ஓகா சாப்பிடறா."

மெலே சமையலறைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"சமையல்கார சிமிகிட்ட சொல்லிக் குடுக்க வச்சதே நான்தான். மிச்சமாயிடுச்சு, கொட்ட மனசு வரலன்னு சொல்லச் சொன்னேன். எனக்காக அவளும் ஏன் நாக்கக் கட்டிக்கிட்டுக் கெடக்கணும்? நீ பாத்ததா காட்டிக்காத. எனக்குத் தெரியும்னு தெரிஞ்சா விட்டுருவா."

மெலே மெதுவாகப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"உனக்கு ஏக்கமா இல்லையாடா?"

"ஏன் இல்ல? நெனச்சாலே எச்சி ஊறுது" என்றான் பெனி, கிண்ணத்திலிருந்து கண்ணை எடுக்காமல். "கார்ல பக்கத்துல வந்து உக்காருவா பாரு, எலுமிச்சையும் தேங்காய்ப்பாலுமா மணப்பா. எல்லாக் கண்ணாடியையும் ஏத்தி விட்டுட்டு, வீடு வரைக்கும் மெதுவா ஓட்டுவேன்க்கா."