மீன் வராத வீடு

மீன்காரி கெங்கம்மாவை வேலப்பன் கடைசியாக உயிரோடு பார்த்தது ஒரு செவ்வாய்க்கிழமை. அன்றைக்கும் சண்டைதான்.

"தெரு பூரா வூடு வூடா மீன் குடுக்கற. என் வூட்டாண்ட மட்டும் வந்தா உன் காலு தேஞ்சுடுமா?"

"தேஞ்சா நீயா வேற காலு வாங்கித் தருவ? மீன் வோணும்னா காசிமேடு மார்க்கெட்டாண்ட வா. உன் காலு இன்னா, அழகுக்கா கீது?"

வேறு ஆளிடம் வாங்கவும் வழியில்லை. ஒருத்தி கூடை தூக்கும் தெருவில் இன்னொருத்தி நுழைய மாட்டாள். வேலப்பனுக்கோ மீன் இல்லாமல் சோறு இறங்காது. திட்டிக்கொண்டே நடந்து போக அரை மணி, வர அரை மணி. ஒன்றரை வருஷம்.

கன்டெய்னர் யார்டில் நாற்காலியை விட்டு எழாத வாட்ச்மேன் அவர். "நடக்கலன்னா சர்க்கரைக்கு ஊசிதான்" என்று ஆஸ்பத்திரி நர்ஸ் ராமசெல்வி பயமுறுத்தியிருந்தாள். முந்நூறில் இருந்த சர்க்கரை நூற்று நாற்பதுக்கு இறங்கியபோது அவளே எல்லார் முன்னாலும் கை தட்டினாள்.

"எப்படிண்ணா?"

"எல்லாம் மன உறுதிம்மா," என்றார் வேலப்பன், மீசையைத் தடவிக்கொண்டு.

வியாழக்கிழமை விடியும் முன்னே கெங்கம்மா தூக்கத்திலேயே போய்விட்டாள்.

காரியம் முடிந்த மறுவாரம், அதே கூடையோடு வேலப்பன் வாசலில் வந்து நின்றாள் அவள் மருமகள் ஜோதிகா.

வேலப்பனுக்கு முகமெல்லாம் பல். "பாத்தியா நீலா! மாமியாருக்குத் தெரியாத மரியாத மருமவளுக்குத் தெரியுது. இனிமே நான் எதுக்கு நடக்கணும்?"

உள்ளேயிருந்து ஓடிவந்த மனைவி நீலா தலையில் அடித்துக்கொண்டாள்.

"அடியே, உங்க அத்த சொல்லலியா? இந்த வூட்டுக்கு மீன் கொண்டாராதன்னு நான்தான அவகிட்ட கெஞ்சினேன்! நர்ஸம்மா எவ்ளோ சொல்லியும் இந்தாளு தெருமுனைக்குக்கூட போவல. 'நீ சும்மா இரு நீலா, நான் நடக்க வைக்கறேன். திட்டுனா திட்டிட்டுப் போவட்டும்'னா அந்த மவராசி!"

வேலப்பன் வாயைத் திறந்தார். சிரிப்புதான் வந்தது. கண்ணில் நீர் முட்டும் வரை சிரித்தார்.

"கூடையத் தூக்கும்மா. நான் அங்கயே வரேன்."

ஜோதிகா நாக்கைக் கடித்துக்கொண்டாள். "ஐயோ மாமா, சக்கர, பிரஷர்காரங்க வூட்டுக்கெல்லாம் போவாதன்னு அத்த ஒவ்வொரு வூடா சொல்லி வச்சுது. உங்க வூட்ட நான்தான் மறந்துட்டேன்!"

அந்தக் கூடை போகாத வீடுகள் கல்மண்டபம் பகுதியில் இன்றைக்கும் பதினான்கு இருக்கின்றன.