முதல் வரிசை

எங்கள் வேலையிடத்து வெல்டரிடம் வாங்கிய பழைய மைக்குக்கு நான் ஆயிரத்து எண்ணூற்று ஐம்பது ரூபாய் தர வேண்டியிருந்தது.

ஞாயிறு மதியம் ஜன்னலைச் சாத்தி, ஃபேனை நிறுத்தி, மைக்கை என் போனில் சொருகி, மகளைச் சுற்றிப் போர்வைகளைத் தொங்கவிட்டோம். கட்டுவதற்குக் கயிறு போதவில்லை. முன்பக்கப் போர்வையை நானே இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்து நின்றேன். செங்கல் சுமக்கிற கைக்கு அதெல்லாம் ஒரு பாரமா? கிடாரோடு அவள் தானே கட்டிய பாட்டைப் பாடினாள். இரண்டு முறை தப்பியது. மூன்றாம் முறை ஒரு பிசிறு இல்லை.

போட்டுக் கேட்டோம். பதிவில் பாட்டு முடிந்ததும் ஒரு மண்டபமே கைதட்டியது. நடுவில் ஒரு நீள விசில்.

"அப்பா, நீங்களா தட்டினீங்க?"

"என் கையிலதான் போர்வை இருந்துச்சேம்மா."

தப்பிய இரண்டையும் போட்டுப் பார்த்தோம். அவற்றில் கைத்தட்டல் இல்லை.

"நியாயமான ஆளுங்கதான்" என்றாள்.

மறுநாள் வேலையிடத்தில் வெல்டரைக் கேட்க வைத்தேன். தலையாட்டிக்கொண்டே இருந்தவர், விசில் வந்ததும் ஹெட்போனைக் கழற்றினார்.

"யோவ், இது என் விசில்யா. நான் உன் வீட்டுப் பக்கமே வந்ததில்லையே. என்னை எங்கய்யா உக்கார வெச்ச?"

"முதல் வரிசையிலண்ணே" என்றேன். என் மகள் பாட்டுக்கு அவரை வேறு எங்கே உட்கார வைப்பேன்?



"டிக்கெட் எவ்வளவு?" என்று கேட்டார்.

"ஆயிரத்து எண்ணூத்தி அம்பது."

"சரி, கழிஞ்சுது" என்று சொல்லி, ஹெட்போனை மறுபடி மாட்டிக்கொண்டு, தன் விசில் வரும் இடத்துக்காகக் காத்திருந்தார்.