பல்லிப் பெட்டியின் உப்புக்கறை

கான்ஸ்டான்சா நகரத்தின் ஞாயிறு மதிய வெயில், அக்கா வளர்த்த பல்லியின் கண்ணாடிப் பெட்டிமேல் விழுகிறது. உள்ளேதான் போக மாட்டேனென்கிறது. தினமும் நான் தெளிக்கும் குழாய்த் தண்ணீர் காய்ந்து காய்ந்து, கண்ணாடியெங்கும் உப்புக்கறையாய்ப் படிந்திருக்கிறது. “கண்ணாடி தெளியலேன்னா ஈஸ்டருக்கு நானே வந்து சுரண்டுறேன்” என்று போன வாரம் போனில் சொன்னாள் அக்கா ஸ்மராண்டா. இத்தாலியில் ஒரு கிழவியைப் பார்த்துக்கொள்ளப் போய் இரண்டு வருடமாகிறது. போன் திரையில் அவள் கண்ணுக்குப் பல்லி நன்றாகத் தெரியட்டுமே என்று நான் முந்திக்கொள்கிறேன். பல்லியை ரொட்டி டப்பாவுக்கு மாற்றி, வினிகரில் நனைத்த காகிதத்தைக் கண்ணாடியில் ஒட்டுகிறேன். அறை முழுக்கப் புளித்த வாசனை. கறை இளகியதும், இனி தேவைப்படாத என் பள்ளி அடையாள அட்டையால் மெல்லச் சுரண்டுகிறேன். அது வெள்ளை மாவாக உதிர்கிறது. கழுவித் துடைத்துப் பல்லியைத் திரும்ப விடும்போது போன் அடிக்கிறது, அக்காவின் வீடியோ அழைப்பு.

கண்ணாடியருகே போனைப் பிடிக்கிறேன். இமையில்லாத பல்லி தன் கண்ணைத் தானே நக்கிக்கொள்கிறது. அக்கா கைகொட்டிச் சிரிக்கிறாள். “அடி சோம்பேறி, நீயா தேய்ச்ச? பளபளன்னு இருக்கேடி! இனிமே காய்ச்சி வடிச்ச தண்ணியத் தெளி, கறையே வராது.”

“சரிக்கா.”

“அப்ப ஈஸ்டருக்கு நான் வரலேன்னாலும் பாதகமில்ல. கிழவி என்னை விடமாட்டேங்குது.”

“ம்.”

அவள் முகம் திரையிலிருந்து மறைகிறது. தெளிப்பானை எடுத்துப்போய், பழையபடி குழாயையே திறந்து, கழுத்துவரை நிரப்புகிறேன்.